பெட்டி கோபுரத்தில் இடித்ததா?

1808ஆம் ஆண்டில் தஞ்சாவூரில் ஒரு விபத்து நடந்தது. இந்தியாவை முக்கோணம் முக்கோணமாக அளந்து செல்லும் பெரும் பணியை வில்லியம் லாம்ப்டன் என்ற ஆங்கிலேயர் 1802இல் சென்னையில் தொடங்கியிருந்தார். அந்தப் பணிக்கு அவர் நம்பியிருந்தது ஒரு பெரிய தியோடலைட் கருவியை. தொலைவில் உள்ள இரண்டு இடங்களுக்கு இடையே அமையும் கோணத்தை மிக நுட்பமாக அளப்பது தியோடலைட். லாம்ப்டனுடைய கருவி சுமார் அரை டன் எடை. கோணம் குறிக்கப்பட்ட அதன் வட்டத் தகட்டின் விட்டம் மட்டும் 3 அடி!

மலைப்பகுதிகளில் இக்கருவியைக் குன்றின் உச்சியில் நிறுத்திவிட்டால் போதும். பல மைல் தூரம் பார்க்கலாம். காவிரிப் படுகையிலோ குன்று ஏது? எங்கு நோக்கினும் சமவெளி. போதாததற்குத் தென்னந்தோப்புகள் பார்வையை மறைக்கின்றன. ஆகவே கோயில் கோபுரங்களையே குன்றுகளாகப் பயன்படுத்திக்கொண்டார் லாம்ப்டன். தஞ்சைப் பெரிய கோயிலில் கருவியைக் கயிறு கட்டி மேலே ஏற்றினார்கள். அது கோபுரத்தில் இடிக்காமல் இருக்க, பக்கவாட்டில் ஒரு கயிறு கட்டி விலக்கிப் பிடித்திருந்தார்கள். அந்தக் கயிறு அறுந்தது. கருவி ஊசலாடிச் சென்று சுவரில் மோதியது. வட்டத் தகடு நெளிந்துபோயிற்று. லாம்ப்டன் ஏறத்தாழ ஆறு வாரம் உழைத்து, அதைத் தம் கையாலேயே சரிசெய்து, மீண்டும் வேலையைத் தொடர்ந்தார்.

இந்த நிகழ்ச்சியைக் கணிப்பொறித் திரையில் ஓர் அசையும் படமாகச் செய்து பார்க்க நீங்கள் விரும்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கோபுரத்தை வரைந்தாயிற்று. பெட்டியை வரைந்து, ஒவ்வொரு படத்திலும் சற்றுச் சற்றாக உயர்த்தவும் தெரிந்துகொண்டீர்கள். கயிறு அறுகிறது, பெட்டி கோபுரத்தை நோக்கி வருகிறது. அடுத்து என்ன நடக்கும்? பெட்டி சிறிதும் தயக்கமின்றிக் கோபுரத்துக்குள் புகுந்து மறுபக்கம் வெளியே வந்துவிடும்!

ஏன்? நம் கண்ணுக்குத்தான் அது கோபுரம், இது பெட்டி. கணிப்பொறிக்கு அவை வெறும் எண்கள். "இவை இரண்டும் தொடுகின்றனவா?" என்று ஒவ்வொரு படத்திலும் நாம்தான் அதைக் கேட்கவைக்க வேண்டும். எப்படிக் கேட்பது என்பதே இக்கட்டுரையின் பொருள். ஒரு வரைபடத்தாளையும் பென்சிலையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

உருவத்தை எண்ணாக்குதல்

ஒழுங்கற்ற உருவத்தை எண்களாக மாற்றும் வித்தை நம் ஊருக்குப் புதிதன்று. டெல்டாவின் வயல்கள் எல்லாம் சதுரமாகவா இருக்கின்றன? வாய்க்கால் வளையும் இடத்தில் வயலும் வளைகிறது. ஆயினும் ஒவ்வொரு புல எண்ணுக்கும் ஒரு புலப்படம் இருக்கிறது. நில அளவர் என்ன செய்கிறார்? வயலின் மூலைகளில் கல் நடுகிறார். ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் குறுக்கே அளக்கிறார். அந்தக் குறுக்குக் கோட்டிலிருந்து மற்ற மூலைகளுக்குச் செங்குத்தாக எவ்வளவு தூரம் என்று குறித்துக்கொள்கிறார். வரப்பு வளைந்து சென்றால், அந்த வளைவைச் சிறுசிறு நேர்கோடுகளாக எடுத்துக்கொள்கிறார். இந்தச் சில எண்களைக் கொண்டு வயலின் உருவத்தை எப்போது வேண்டுமானாலும் தாளில் மீண்டும் வரைந்துவிடலாம். வரப்பே அழிந்துபோனாலும் எல்லை எது என்று சொல்லிவிடலாம்.

கணிப்பொறிப் படத்திலும் இதுவே வழி. உருவத்தின் முனைகளை மட்டும் எண்களாகக் கொடுத்து, முனைக்கு முனை நேர்கோடு என்று கொள்கிறோம். அப்படிக் கிடைப்பது ஒரு பலகோணம்.

நம் கோபுரத்தை வரைவோம். உண்மையான அளவுகள் வேண்டா. கணக்குக்கு எளிய எண்களே போதும். முதல் எண் இடக்கோடியிலிருந்து கிடைத்தூரம். இரண்டாம் எண் தரையிலிருந்து உயரம். (கணிப்பொறி மொழிகள் பலவற்றில் உயரம் திரையின் மேல் விளிம்பிலிருந்து கீழ்நோக்கி எண்ணப்படும். நாம் வரைபடத்தாளின் வழக்கப்படியே கீழிருந்து மேலே செல்வோம்.)

அ (40, 0)
ஆ (40, 16)
இ (52, 60)
ஈ (58, 60)
உ (70, 16)
ஊ (70, 0)

இவற்றை வரிசையாகச் சேர்த்து, இறுதியில் ஊ-வை அ-வுடன் இணையுங்கள். கீழே செங்குத்தான சுவரும், மேலே இரு பக்கமும் சரிந்து குறுகும் உடலும் கொண்ட ஓர் அறுகோணம் கிடைக்கும். பெட்டி, பக்கம் 4 அலகு கொண்ட ஒரு சதுரம்.

முதற் கேள்வி: செவ்வகத்தால் கேட்டல்

கோபுரத்தைச் சுற்றி, அதைத் தொட்டுக்கொண்டிருக்கும்படி ஒரு செவ்வகம் வரையுங்கள். அது கிடையாக 40 முதல் 70 வரையும், உயரத்தில் 0 முதல் 60 வரையும் இருக்கும். பெட்டிக்கும் இப்படி ஒரு செவ்வகம் உண்டு, பெட்டியே செவ்வகம்தானே!

இனி நான்கு கேள்விகள்:

1. பெட்டியின் வலது விளிம்பு, கோபுரச் செவ்வகத்தின் இடது விளிம்புக்கும் இடப்புறமாக இருக்கிறதா?
2. பெட்டியின் இடது விளிம்பு, அதன் வலது விளிம்புக்கும் வலப்புறமாக இருக்கிறதா?
3. பெட்டியின் அடிப்பக்கம், அதன் உச்சிக்கும் மேலே இருக்கிறதா?
4. பெட்டியின் மேற்பக்கம், அதன் அடிக்கும் கீழே இருக்கிறதா?

இவற்றுள் ஏதேனும் ஒன்றுக்கு "ஆம்" என்று பதில் வந்தால் போதும், மோதல் இல்லை. வேறு கணக்கே வேண்டியதில்லை. வெறும் நான்கு ஒப்பீடுகளில் வேலை முடிந்தது.

நான்குக்கும் "இல்லை" என்று வந்தால்? மோதிவிட்டது என்று சொல்லிவிடலாமா? அவசரப்படாதீர்கள். பெட்டி கிடையாக 41 முதல் 45 வரையும், உயரத்தில் 46 முதல் 50 வரையும் தொங்குவதாகக் கொள்வோம். செவ்வகக் கேள்விகள் நான்கும் "இல்லை" என்கின்றன. ஆனால் தாளைப் பாருங்கள். 46 அலகு உயரத்தில் கோபுரத்தின் சரிவு 48.18-இல் இருக்கிறது. பெட்டியின் வலது விளிம்போ 45-இல். நடுவே 3 அலகுக்கு மேல் வெற்றிடம்! பெட்டி பத்திரமாக ஆகாயத்தில் தொங்கிக்கொண்டிருக்க, கணிப்பொறி "இடித்துவிட்டது" என்று கூவுகிறது.

காரணம் எளிது. செவ்வகத்தின் பரப்பு 30 × 60 = 1800 சதுர அலகு. கோபுரத்தின் பரப்பு 1272 மட்டுமே. மீதி 528, அதாவது 10-இல் ஏறக்குறைய 3 பங்கு, இரு தோள்களிலும் உள்ள வெற்று வானம். அங்கே பறக்கும் கொக்குகூட மோதியதாகவே கணக்காகும்.

ஆகவே செவ்வகம் "இல்லை" என்றால் நம்பலாம். "ஆம்" என்றால் மேலும் விசாரிக்க வேண்டும்.

இரண்டாம் கேள்வி: உள்ளேயா, வெளியேயா?

நள்ளிரவில் தண்ணீர் பாய்ச்சப் போகிறவர் ஒருவரை எண்ணிக்கொள்ளுங்கள். இருட்டில் அவர் தம் வயலுக்குள் நிற்கிறாரா, வெளியே நிற்கிறாரா என்று தெரியவில்லை. வயலோ வாய்க்காலுக்கு ஏற்ப வளைந்து நெளிந்தது. அவர் ஒரு வழி செய்யலாம். நேர் கிழக்கே பார்த்து நடக்க வேண்டும். ஊரெல்லையையே தாண்டும் வரை நடக்க வேண்டும். வழியில் தம் வயலின் எல்லை வரப்பை எத்தனை முறை தாண்டினார் என்று எண்ண வேண்டும். மற்றவர் வரப்புகளை எண்ணக்கூடாது.

ஒற்றைப்படை எண் வந்தால் அவர் உள்ளே நின்றிருந்தார். இரட்டைப்படை வந்தால் வெளியே. சுழியும் இரட்டைப்படையே.

ஏன் அப்படி? எல்லையை ஒருமுறை தாண்டினால் உள்ளே இருப்பவர் வெளியே வருகிறார். வெளியே இருப்பவர் உள்ளே போகிறார். கடைசியில் அவர் நிற்பது ஊருக்கு அப்பால். அது நிச்சயமாக வெளி. வெளியில் தொடங்கி வெளியில் முடிய வேண்டுமானால், போனதும் வந்ததும் இணை இணையாகத்தான் இருக்க முடியும். உள்ளே தொடங்கியவருக்கு ஒரு தாண்டல் கூடுதலாக இருக்கும். வயல் எத்தனை வளைவு கொண்டதானாலும் இந்த விதி பொய்ப்பதில்லை. இதுதான் இதன் பெருமை.

இப்போது கோபுரத்துக்கு வருவோம். (45, 48) என்ற புள்ளியிலிருந்து வலப்புறமாக ஒரு கிடைக்கோடு இழுங்கள். ஒவ்வொரு பக்கமாகப் பார்ப்போம். அ-ஆ பக்கம் உயரம் 16-உடன் முடிந்துவிடுகிறது, 48-க்கு எட்டவில்லை. ஆ-இ பக்கம் 48 அலகு உயரத்தில் 48.73-இல் இருக்கிறது, நம் புள்ளிக்கு வலப்புறம், எனவே 1. இ-ஈ கிடைக்கோடு, விட்டுவிடலாம். ஈ-உ பக்கம் அதே உயரத்தில் 61.27-இல், எனவே 2. உ-ஊ எட்டவில்லை. ஊ-அ கிடைக்கோடு. ஆக மொத்தம் 2. இரட்டைப்படை. புள்ளி வெளியே இருக்கிறது.

அடுத்து (50, 48). ஆ-இ பக்கம் 48.73-இல், அதாவது புள்ளிக்கு இடப்புறம், எண்ணக்கூடாது. ஈ-உ மட்டும் வலப்புறம். மொத்தம் 1. புள்ளி உள்ளே!

குறிப்பிட்ட உயரத்தில் ஒரு பக்கம் எங்கே இருக்கும் என்று காண்பது ஒத்த முக்கோணக் கணக்குத்தான். ஆ-வுக்கும் இ-க்கும் இடையே 44 அலகு உயரும்போது கிடையாக 12 அலகு நகர்கிறது. 48-க்குப் போக 32 அலகு உயர வேண்டும். ஆகவே 40 + 12 × 32 ÷ 44 = 48.73. பள்ளியில் படித்த கணக்கு இங்கே வேலைக்கு வந்துவிட்டது, பார்த்தீர்களா?

மூலைக்கல் மேல் நடந்தால்?

ஒரு சிக்கல். (50, 16) என்ற புள்ளியிலிருந்து கிடைக்கோடு இழுத்தால் அது சரியாக உ என்ற முனை வழியாகவே செல்கிறது. உ-வில் ஈ-உ பக்கமும் முடிகிறது, உ-ஊ பக்கமும் தொடங்குகிறது. இரண்டையும் எண்ணினால் 2. புள்ளி வெளியே என்று வரும். ஆனால் அது கோபுரத்தின் நட்ட நடுவே அல்லவா இருக்கிறது!

இதற்கு ஓர் உடன்பாடு செய்துகொள்கிறோம். ஒவ்வொரு பக்கத்துக்கும் அதன் கீழ்முனை சொந்தம், மேல்முனை சொந்தமில்லை. ஈ-உ பக்கத்துக்கு உ கீழ்முனை, எண்ணலாம். உ-ஊ பக்கத்துக்கு உ மேல்முனை, எண்ணக்கூடாது. மொத்தம் 1, புள்ளி உள்ளே. பொது வரப்பு எந்த வயலைச் சேர்ந்தது என்று இரு பங்காளிகள் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது போன்றதே இது. எந்தப் பக்கம் கொடுத்தாலும் சரி. ஆனால் எல்லா இடத்திலும் ஒரே விதியாக இருக்க வேண்டும்.

மூன்றாம் கேள்வி: கோடும் கோடும் வெட்டுகின்றனவா?

பெட்டியின் நான்கு மூலைகளையும் இப்படிச் சோதித்து, ஒன்றாவது உள்ளே இருந்தால் "மோதல்" என்று சொல்லலாம். ஆனால் எல்லா மூலையும் வெளியே இருந்தால் மோதவில்லை என்று சொல்ல முடியுமா?

பெரிய பெட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். பக்கம் 10 அலகு. அதைக் கோபுர உச்சியின் மேல் கவிழ்த்ததுபோல், கிடையாக 50 முதல் 60 வரையும் உயரத்தில் 55 முதல் 65 வரையும் வையுங்கள். 55 அலகு உயரத்தில் கோபுரம் 50.64 முதல் 59.36 வரை இருக்கிறது. எனவே பெட்டியின் கீழ் மூலைகள் இரண்டும் மயிரிழையில் வெளியே. மேல் மூலைகள் கோபுரத்துக்கும் மேலே. நான்கும் வெளியே! ஆயினும் கோபுரத்தின் உச்சி முழுவதும் பெட்டிக்குள் கிடக்கிறது.

"அப்படியானால் கோபுரத்தின் முனைகள் பெட்டிக்குள் இருக்கின்றனவா என்றும் பார்த்தால் போயிற்று" என்பீர்கள். நல்ல யோசனை. ஆனால் அதுவும் போதாது. இரண்டு மூங்கில்களைக் கூட்டல் குறிபோல் ஒன்றன் மேல் ஒன்றாக வையுங்கள். எதன் முனையும் எதற்குள்ளும் இல்லை. ஆனால் அவை ஒன்றையொன்று தொடுகின்றன.

ஆகவே கேட்கவேண்டிய சரியான கேள்வி: பெட்டியின் ஏதேனும் ஒரு பக்கம், கோபுரத்தின் ஏதேனும் ஒரு பக்கத்தை வெட்டுகிறதா?

இரண்டு கோட்டுத்துண்டுகள் வெட்டுகின்றனவா என்பதை எப்படி அறிவது? ஒரு வாய்க்காலை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீடு இக்கரையிலும் பள்ளிக்கூடம் அக்கரையிலும் இருந்தால்தான் வழியில் வாய்க்கால் குறுக்கிடும். அதுபோல, முதல் துண்டின் இரு முனைகளும் இரண்டாம் துண்டுக்கு எதிரெதிர்க் கரைகளில் இருக்க வேண்டும்; இரண்டாம் துண்டின் முனைகளும் முதல் துண்டுக்கு எதிரெதிர்க் கரைகளில் இருக்க வேண்டும். இரண்டும் உண்மையானால் அவை வெட்டுகின்றன.

எந்தக் கரை என்பதை ஒரு சிறு கணக்குச் சொல்லிவிடும். ஆ-விலிருந்து இ-க்குப் போகும்போது கிடை மாற்றம் 12, உயர மாற்றம் 44. ஆ-விலிருந்து (45, 50) என்ற புள்ளிக்குக் கிடை மாற்றம் 5, உயர மாற்றம் 34. இப்போது குறுக்கே பெருக்கிக் கழியுங்கள்:

12 × 34 − 44 × 5 = 408 − 220 = 188

விடை மிகை எண். புள்ளி இடக்கரையில், அதாவது கோபுரத்துக்கு வெளியே. (50, 50) என்ற புள்ளிக்கு இதையே செய்தால்:

12 × 34 − 44 × 10 = 408 − 440 = −32

குறை எண். புள்ளி வலக்கரையில். ஆக, இந்த இரு புள்ளிகளும் ஆ-இ சரிவுக்கு எதிரெதிர்ப் பக்கங்களில் உள்ளன. சரிவின் முனைகளான ஆ-வும் இ-யும் உயரம் 50 என்ற கிடைக்கோட்டுக்குக் கீழும் மேலுமாக இருப்பது பார்த்தாலே தெரிகிறது. எனவே இவ்விரு புள்ளிகளை இணைக்கும் கோடு சரிவை வெட்டுகிறது. விடை சுழி என்றால் புள்ளி கோட்டின் மேலேயே இருக்கிறது. அதைத் தொடுதல் என்று கொள்ளலாம்.

இன்னும் ஒரே ஒரு நிலை பாக்கி. பெட்டி முழுவதும் கோபுரத்துக்குள் போய்விட்டால் எந்தப் பக்கமும் எதையும் வெட்டாது. அப்போது பெட்டியின் ஒரு மூலை கோபுரத்துக்குள் இருக்கிறதா, கோபுரத்தின் ஒரு முனை பெட்டிக்குள் இருக்கிறதா என்று வரப்பு எண்ணும் விதியால் பார்த்துவிட்டால் போதும். இதற்கு மேல் தப்ப வழியில்லை.

ஏன் இந்த வரிசை?

"பக்கங்களை ஒப்பிடுவதே சரியான சோதனை என்றால், செவ்வகம் எதற்கு?" என்று கேட்கலாம். வேலை எவ்வளவு என்று கணக்கிடுவோம். கோபுரத்துக்குப் பக்கம் 6, பெட்டிக்கு 4. ஆக 24 ஜோடிகள். பரவாயில்லை. ஆனால் கோபுரத்தின் ஒவ்வொரு நிலையையும் நாசூக்காக வரைந்து 100 பக்கம் ஆக்கி, கொக்கின் சிறகுகளுக்கு 40 பக்கம் கொடுத்தால் 4000 ஜோடிகள். விநாடிக்கு 24 படங்கள் ஓடினால் 96,000. ஒரே ஒரு கொக்குக்கு!

வானத்தில் 20 கொக்குகள் பறந்து, அவை தம்முள் மோதாமலும் இருக்க வேண்டுமானால், சோதிக்க வேண்டிய கொக்கு ஜோடிகள் 20 × 19 ÷ 2 = 190. பெரும்பாலான கொக்குகள் ஒன்றையொன்று எட்டாத தூரத்தில்தான் பறக்கும். அவற்றை எல்லாம் செவ்வகத்தின் நான்கு எளிய கேள்விகளே தள்ளிவிடும். நுட்பமான கணக்கு, நெருங்கி வந்த ஒன்றிரண்டுக்கு மட்டும். நெல்லைத் தூற்றும்போது முதலில் பதர் காற்றில் போகிறது. எஞ்சியதைத்தான் முறத்தில் இட்டுப் புடைக்கிறோம். அதே முறைதான் இது.

வேறொரு வழியும் உண்டு. திரையில் தெரியும் படம் நுண்ணிய படப்புள்ளிகளால் ஆனது. இரண்டு உருவங்களையும் இரண்டு மெல்லிய தாள்களில் கட்டம் கட்டமாகக் கறுப்பாக்கி, ஒன்றன் மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் பிடித்தால், ஒரே கட்டம் இரண்டிலும் கறுப்பாக இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். 1982இல் வெளிவந்த காமடோர் 64 என்ற வீட்டுக் கணிப்பொறியில் இவ்வேலையைச் செய்யத் தனியாக மின்சுற்றே இருந்தது. உருவங்களின் புள்ளிகள் ஒன்றன் மேல் ஒன்று விழுந்தால் அதுவே குறித்துக்கொள்ளும். 2007இல் பொதுமக்களுக்கு வந்த ஸ்கிராட்ச் மொழியில் "தொடுகிறதா?" என்று ஒரு கட்டையை எடுத்து வைத்தாலே போதும். எனினும் உள்ளே நடப்பது என்ன என்று அறிந்தவருக்கே, விடை தவறும்போது எங்கே தவறியது என்று தெரியும்.

படத்துக்கும் படத்துக்கும் நடுவே

தவறும் இடம் ஒன்றைச் சொல்கிறேன். 2 அலகு நீளமுள்ள ஒரு கொக்கு, 59 அலகு உயரத்தில், கோபுர உச்சியை நோக்கிப் பறக்கிறது. ஒவ்வொரு படத்திலும் 12 அலகு முன்னேறுகிறது. ஒரு படத்தில் அது 48 முதல் 50 வரை இருக்கிறது. அடுத்த படத்தில் 60 முதல் 62 வரை. அந்த உயரத்தில் கோபுரம் 51.73 முதல் 58.27 வரைதான். இரு படங்களிலும் கொக்கு கோபுரத்தைத் தொடவில்லை. ஆகவே நம் சோதனைகள் எல்லாம் சரியாக இருந்தும், கொக்கு கருங்கல்லை ஊடுருவிப் போய்விட்டது!

கணிப்பொறி பார்ப்பது நின்று நின்று எடுத்த படங்களை மட்டுமே. நடுவில் நடந்ததை அது அறியாது. இதற்கு இரண்டு மருந்துகள். ஒன்று, அடியைச் சிறிதாக்குவது: தடையின் அகலத்தைவிடச் சிறிய அடி வைத்தால் தாண்டிப் போக முடியாது. மற்றொன்று, கொக்கின் பழைய இடத்தையும் புதிய இடத்தையும் ஒரு கோட்டால் இணைத்து, அந்தக் கோடு கோபுரத்தின் எந்தப் பக்கத்தையாவது வெட்டுகிறதா என்று பார்ப்பது. வாய்க்கால் கணக்கே இங்கும் உதவுகிறது.

திரைக்கு வெளியே

இவையெல்லாம் விளையாட்டுக்கு மட்டும்தானா? 2018ஆம் ஆண்டு நவம்பர் 16 அன்று அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. டெல்டாவில் தென்னைகள் வேரோடு சாய்ந்தன. இத்தகைய பேரிடருக்குப் பின், செயற்கைக்கோள் படத்தில் பாதிப்புற்ற பகுதி ஓர் ஒழுங்கற்ற உருவமாகத் தெரியும். வயலும் ஓர் ஒழுங்கற்ற உருவம். இந்த வயல் அந்தப் பகுதியைத் தொடுகிறதா? நாம் பெட்டிக்கும் கோபுரத்துக்கும் கேட்ட அதே கேள்வி! நிலப்படங்களைக் கையாளும் கணிப்பொறி நிரல்கள் முதலில் செவ்வகத்தால் தள்ளி, பிறகு பக்கங்களைப் பார்க்கும் இதே முறையைத்தான் பின்பற்றுகின்றன. 2020இல் தமிழ்நாடு அரசு காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் இயற்றியது. ஓர் இடம் அம்மண்டலத்துக்கு உள்ளேயா வெளியேயா என்பது வரப்பு எண்ணும் கேள்வியே.

செவ்வகத்தோடு நிறுத்திக்கொண்டால் மூழ்காத வயலும் மூழ்கியதாக எழுதப்படும். மூலைகளை மட்டும் பார்த்தால், நடுவே வெள்ளம் ஓடிய வயல் கணக்கில் வராமல் போகும். திரையில் கொக்கு கோபுரத்தைத் துளைத்துப் போனால் சிரித்துவிட்டுத் திருத்திக்கொள்ளலாம். ஒரு குடும்பத்தின் ஒரு போக விளைச்சல் கணக்கிலிருந்து நழுவிப் போனால் அப்படிச் சிரிக்க முடியாது. கணிப்பொறி எண்களைத் தவறாகக் கூட்டுவதில்லை. தவறான கேள்வியைக் கேட்டால், அதற்கும் அது தயங்காமல் விடை சொல்லிவிடுகிறது. சரியான கேள்வியைக் கேட்க வேண்டியவர் நிரல் எழுதுபவர்தாம்.

செய்து பாருங்கள்

1. (66, 30) என்ற புள்ளி கோபுரத்துக்கு உள்ளேயா, வெளியேயா? (67, 30)?

2. 4 அலகுப் பெட்டி, கிடையாக 64 முதல் 68 வரையும் உயரத்தில் 40 முதல் 44 வரையும் இருக்கிறது. செவ்வகச் சோதனை என்ன சொல்கிறது? உண்மை என்ன?

3. உங்கள் ஊரில் வளைந்த வயல் ஒன்றைப் பார்த்து, அதன் உருவத்தை வரைபடத்தாளில் பலகோணமாக வரையுங்கள். உள்ளே ஐந்து, வெளியே ஐந்து புள்ளிகள் வைத்து, எல்லையைத் தாண்டும் எண்ணிக்கையைக் கணக்கிடுங்கள். நண்பரிடம் எண்ணிக்கையை மட்டும் சொல்லி, உள்ளா வெளியா என்று கேளுங்கள்.

விடைகள்: (1) 30 அலகு உயரத்தில் ஈ-உ பக்கம் 66.18-இல் இருக்கிறது. ஆகவே முதற்புள்ளி நூலிழையில் உள்ளே, இரண்டாவது வெளியே. (2) செவ்வகச் சோதனை தொடுவதாகச் சொல்லும். ஆனால் 40 அலகு உயரத்தில் கோபுரம் 63.45-உடன் முடிந்துவிடுகிறது, அதற்கு மேலே இன்னும் குறுகுகிறது. பெட்டி தொடவில்லை.